கிரைண்டர் விளம்பரம் எங்கே எழுதப்படுகிறது

ஆங்கிலத்தில் அனுப்பும் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து கொள்ளும். தமிழில் அனுப்பினால் 70தான். அதுவும் நாம் பள்ளிக்கூடத்தில் எண்ணிப் பழகிய கணக்கு இல்லை. துணையெழுத்து ஒவ்வொன்றும், புள்ளி ஒவ்வொன்றும் தனி எண்ணிக்கை. ‘வரவேற்கிறோம்’ நமக்கு 7 எழுத்து; செய்தி அனுப்பும் கணினிக்கு 12. எழுபதைத் தாண்டினால் இரண்டு செய்திக்கான கட்டணம் விழும். வாசகத்தையும் முன்கூட்டியே தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் பதிந்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிமுறை அது. கடைசி நேரத்தில் ஒரு சொல்லை மாற்றலாம் என்றால் நடக்காது.

ஆடித் தள்ளுபடிக்கு இப்படி ஒரு செய்தி எழுதிக்கொண்டிருந்தவர்களைப் பார்க்கத்தான் கோயம்புத்தூர் ஆவாரம்பாளையம் பக்கம் போயிருந்தேன். வெட் கிரைண்டர் தயாரிக்கும் நடுத்தர அளவு நிறுவனம். பின்கட்டில் அசெம்ப்ளி, முன்பக்கம் சர்வீஸ் மேசை, மாடியில் மார்க்கெட்டிங். சோதனைக்காகக் கீழே வரிசையாக ஓடும் கிரைண்டர்களின் சத்தம் மாடி அறை வரைக்கும் வரும். அந்த அறையில் நான்கு பேர். விளம்பரம் எழுதுவதில் தலைமுடி நரைத்த ஒருவர். எல்லோருக்கும் அவர் ‘சார்’. பி.காம் முடித்து வந்த இளம்பெண் ஒருவர். டிசைனர் ஒருவர். அமேசான், ஃபிளிப்கார்ட் பக்கங்களையும் டீலர்களின் வாட்ஸ்அப் குழுக்களையும் கவனிக்கும் ஒரு தம்பி. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின் எழுதும் வேலை என்னவாகிறது என்பதை இப்படிப்பட்ட சின்னக் குழுவில்தான் பார்க்க விரும்பினேன். பெரிய விளம்பர நிறுவனங்களில் அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கும். இங்கே கருவியைக் கையாள்பவரும், அது எழுதியதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெட் கிரைண்டர் கோவையின் பொருள். 1955இல் பி. சபாபதி என்பவர் இந்த ஊரில் அதை உருவாக்கினார். ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்று புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. இந்தப் பெருமைக்குள்ளேயே விற்பவருக்கான சிக்கலும் இருக்கிறது. ஊரெங்கும் கிரைண்டர் செய்கிறார்கள். கல், துருப்பிடிக்காத எஃகு டிரம், மோட்டார், பெல்ட் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு லிட்டர் டேபிள் டாப் என்றால் பெரும்பாலும் 150 வாட் மோட்டார். நம்முடையதை ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு விலை, சர்வீஸ், சொல்லும் விதம் என்று மூன்று பதில்கள்தான் மிச்சம். மூன்றாவதைச் செய்வதுதான் மாடி அறையின் வேலை.

அந்த வேலைக்குள் சாட்ஜிபிடி நுழைந்தது 2023 தொடக்கத்தில். 2022 நவம்பர் 30ஆம் தேதி அது வெளியான சில வாரங்களில், அமேசான் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பிதான் முதலில் திறந்திருக்கிறார். பிறகு ஜெமினி வந்தது. 2024 ஜூனில் அதன் செயலி தமிழ் உட்பட ஒன்பது இந்திய மொழிகளில் கிடைக்கத் தொடங்கியதும், அறையில் எல்லோருடைய செல்போனிலும் ஏறிவிட்டது. கேன்வாவிலும் எழுதித் தரும் வசதி இருக்கிறது. இன்று அந்த அறையில் கருவி தொடாத வேலை என்று அநேகமாக எதுவும் இல்லை.

அது நன்றாகச் செய்யும் வேலைகளை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்த நன்மை உண்மையானது. அமெரிக்காவில் இருக்கும் ஒரு மொத்த வியாபாரிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத இந்த அறை முன்பு ஒரு பகலைச் செலவழிக்கும். இந்திய மின்சாரம் 230 வோல்ட், அங்கே 120. அந்த ஊருக்கான மாடலில் மோட்டாரே வேறு. இங்கிருந்து பெட்டியில் கட்டிக்கொண்டு போகும் சாதாரண மாடலைச் சின்ன மாற்றி வைத்து ஓட்டினால் என்ன ஆகும் என்பதை வழக்கு வராத மொழியில் விளக்க வேண்டும். தம்பி இப்போது தமிழும் ஆங்கிலமும் கலந்து விஷயத்தைத் தட்டுகிறார், கருவி கடிதமாக ஆக்குகிறது, வோல்ட், வாட், ஹெர்ட்ஸ் எண்களை மட்டும் அவர் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார். அரை மணி நேரத்தில் முடிகிறது. கேரள டீலருக்கு மலையாளம், ஹைதராபாத் டீலருக்குத் தெலுங்கு. போனவுடன் அந்தந்த டீலர் படித்துப் பார்த்து இரண்டு சொல்லைத் திருத்தி அனுப்புவார். ஆங்கிலம் சரளமாக வராது என்பதாலேயே கூட்டங்களில் வாய் திறக்காமல் இருந்த பையன் இந்தத் தம்பி. இப்போது ஏற்றுமதிக் கடிதம் முழுக்க அவர் பொறுப்பு. இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

தமிழ் விளம்பரம் என்று வரும்போதுதான் கதை மாறுகிறது.

“இதப் பாருங்க” என்று சார் தன் கணினியைத் திருப்பிக் காட்டினார். கோவை கிரைண்டருக்குத் தமிழில் ஒரு விளம்பரம் எழுது என்று மூன்று கருவிகளிடம் கேட்டு வாங்கிய மூன்று வாசகங்கள். மூன்றிலும் பாரம்பரியமும் நவீனமும் கைகோத்தன. மூன்றிலும் பாட்டி வந்தார். மூன்றும் உங்கள் சமையலறையை மாற்றியமைப்பதாக வாக்களித்தன. எழுத்துப் பிழை கிடையாது. வாக்கியம் எங்கும் இடறவில்லை. அடுத்து அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கோப்பை எடுத்தார். சுற்றுவட்டாரத்து நிறுவனங்கள் அண்மைக்காலத்தில் விட்ட நோட்டீசுகள், பத்திரிகை விளம்பரங்களின் நறுக்குகள். அவற்றிலும் பாட்டி. அவற்றிலும் கைகோத்தல். நிறுவனத்தின் பெயரை மறைத்துவிட்டால் யாருடைய விளம்பரம் என்று எழுதியவருக்கே தெரியாது.

“நம்ம பொருளும் பக்கத்துக் கடைப் பொருளும் ஒண்ணு மாதிரி இருக்குதுங்க. அதுல சொல்லும் ஒண்ணாயிடுச்சுன்னா விலையக் கொறைக்கிறதத் தவிர வேற வழி ஏது?” என்றார் சார். அவர் குரலில் கோபம் இல்லை, கவலை இருந்தது.

காரணம் கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. ஏற்கெனவே எழுதப்பட்ட ஏராளமான எழுத்தைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பிறகு எது வர அதிக வாய்ப்பு என்று கணக்கிட்டு எழுதும் இயந்திரம் அது. நாம் தகவல் எதுவும் கொடுக்காமல் கேட்டால், எல்லோரும் எழுதியதன் நடுவாந்தரம் எதுவோ அதைத்தான் தரும். இணையத்தில் இருக்கும் தமிழ் விற்பனை எழுத்தில் பெரும்பங்கு ஆங்கிலப் பட்டியலை மொழிபெயர்த்தது என்பது சாரின் கணிப்பு. அந்தத் தமிழைப் படித்து வளர்ந்த கருவி அந்தத் தமிழையே திருப்பித் தருகிறது என்கிறார்.

எழுத்து எண்ணுவதிலும் அது தடுமாறுகிறது. 70க்குள் எழுது என்றால் எழுதிவிட்டு, ‘இது 70 எழுத்துக்குள் உள்ளது’ என்று உறுதியும் கூறுகிறது. எண்ணிப் பார்த்தால் தொண்ணூறைத் தாண்டியிருக்கும். இந்தக் கருவிகள் எழுத்து எழுத்தாகப் படிப்பதில்லை. டோக்கன் எனப்படும் துண்டுகளாக வெட்டிக்கொள்கின்றன. ஆங்கிலச் சொல் பல சமயம் ஒரே துண்டாக நிற்கும். தமிழ்ச் சொல் பலவாகச் சிதறும். துண்டுகள் கூடினால் செலவு கூடும், வேகம் குறையும். இந்த நிலை கொஞ்சம் தேறியிருக்கிறது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளியானபோது ஓப்பன் ஏஐ காட்டிய மாதிரியில், முன்பு 116 துண்டுகளான தமிழ்ப் பகுதி புதிய முறையில் 35 துண்டுகளில் அடங்கியது. துண்டுகள் குறைந்தாலும் அது எண்ணுவது துண்டைத்தான், துணையெழுத்தை இல்லை. ஆகவே அந்தப் பெண் குறுஞ்செய்தியை எண்ணுவதற்குத் தனியாக ஒரு எக்செல் தாள் வைத்திருக்கிறார்.

நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது மாடியில் இல்லை, கீழே சர்வீஸ் மேசையில். சார்தான் அனுப்பிவைத்தார். “எழுதறதப் பாக்கணும்னா மேல இருந்து பிரயோஜனமில்லீங்க. அக்காகிட்டப் போய் உக்காருங்க.”

சர்வீஸ் மேசை அக்கா அந்த நிறுவனத்தில் நெடுங்காலமாக இருப்பவர். இரண்டு தொலைபேசி, ஒரு வாட்ஸ்அப் எண், நீல அட்டை போட்ட நீளமான நோட்டு ஒன்று. வரும் அழைப்பையெல்லாம் கம்ப்யூட்டரிலும் பதிகிறார், நோட்டிலும் எழுதுகிறார். கம்ப்யூட்டரில் இருப்பது ‘மோட்டார் பழுது’, ‘பெல்ட் பழுது’ போன்ற கட்டங்கள். நோட்டில் இருப்பது கூப்பிட்டவர் சொன்னது, சொன்னபடியே.

நான் பக்கத்தில் இருந்தபோது பவானியிலிருந்து ஓர் அம்மா பேசினார். ஸ்பீக்கரில் கேட்டது.

“ஏனுங்க, புது கிரைண்டருங்க. கல்லு சுத்தவே மாட்டேங்குது. மோட்டாரு மட்டும் உறுமுது.”

“உளுந்தா அரிசியாங்கம்மா?”

“உளுந்துதானுங்க.”

“தண்ணி எவ்வளவு விட்டீங்க?”

“தண்ணி எதுக்குங்க மொதல்லயே? கெட்டியா ஆட்டுனாத்தான இட்லி நல்லாருக்கும்?”

“ஆஃப் பண்ணிருங்கம்மா. பாதி உளுந்த வெளிய எடுத்துருங்க. ஒரு டம்ளர் தண்ணி விட்டு ஓட்டுங்க. கல்லு சுத்த ஆரம்பிச்சப்பறம் மீதிய கொஞ்சங் கொஞ்சமாப் போடுங்க. தண்ணியும் தெளிச்சுத் தெளிச்சு விடுங்க. நான் லைன்லயே இருக்கறேன்.”

இரண்டு நிமிடத்தில் அந்தப் பக்கம் கல் சுற்றும் சத்தம் கேட்டது. அக்கா நோட்டில் தேதி போட்டு எழுதினார்: ‘மொதல்லயே தண்ணி எதுக்குங்க. கெட்டியா ஆட்டுனாத்தான் இட்லி நல்லாருக்கும்.’ கம்ப்யூட்டரில் இதற்குப் பொருந்தும் கட்டமே இல்லை. ‘மற்றவை’ என்று போட்டார்.

அவர் செய்தது எவ்வளவு நுட்பமான வேலை என்பது கிரைண்டரைப் புரிந்துகொண்டால் தெரியும். மிக்சியின் பிளேடு நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழன்று வெட்டுகிறது, மாவு சூடேறும். கிரைண்டரில் கல் மெதுவாக உருண்டு நசுக்குகிறது. உளுந்து சூடாகாமல் தண்ணீரையும் காற்றையும் சிறுகச் சிறுக வாங்கிப் பொங்குகிறது. அந்தப் பொங்கலும், இரவில் லூக்கோநாஸ்டாக் முதலான நுண்ணுயிர்கள் புளிக்கவைக்கும்போது உண்டாகும் வாயுவும் சேர்ந்துதான் இட்லிக்கு மென்மை தருகின்றன. முதலில் தண்ணீர் போதாவிட்டால் ஊறிய உளுந்து கல்லுக்கும் டிரம்முக்கும் நடுவே அப்பிக்கொள்ளும். மோட்டாரில் கோளாறு இருக்காது. அந்தக் குரலில் இருந்த ‘கெட்டியா ஆட்டுனாத்தான்’ என்பதைக் கேட்டே காரணத்தைப் பிடித்துவிட்டார் அக்கா.

நோட்டை அவர் அனுமதியுடன் புரட்டினேன். மாவு முழுக்க மணல் நறநறக்குதுங்க. (புதுக் கல்லில் முதலில் அரைக்கும் அரிசியைக் கொட்டிவிட வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.) உளுந்து மேலேறி வெளிய வழியுது. பெல்ட் வழுக்குதான்னு எப்படித் தெரியும். மாமியாருக்கு டிரம்மைத் தூக்க முடியல, சாய்க்கிற மாடல் இருக்கா. சிங்கப்பூருக்குக் கொண்டு போகலாமா. இவற்றுக்கு நடுவே திரும்பத் திரும்ப ஒரு கேள்வி வந்துகொண்டிருந்தது. பொண்ணுக்குச் சீர் வாங்குறோம், அவ ஓசூர்ல இருக்கா, அங்க சர்வீஸ் உண்டா? ஓசூர் சில இடங்களில் நாகர்கோவிலாக, பெங்களூராக, திண்டிவனமாக மாறியது. கேள்வி மாறவில்லை. வாங்குபவர் ஓர் ஊரில், பயன்படுத்தப்போகிறவர் இன்னோர் ஊரில். கிரைண்டர் பழுதானால் மகள் யாரிடம் போய் நிற்பாள் என்பது தாயின் கவலை. கருவிகள் எழுதித் தந்த மூன்று விளம்பரத்திலும் இந்தத் தாய் இல்லை. அங்கே நவீன சமையலறையில் நேரத்தை மிச்சப்படுத்தும் இல்லத்தரசி ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் மாடியிலிருந்து அந்த இளம்பெண் மடிக்கணினியோடு இறங்கி வருவார். சார் போட்ட ஏற்பாடு அது. அக்கா நோட்டைப் படிக்க, பெண் தட்டச்சு செய்கிறார். பெயர், ஊர், தொலைபேசி எண் மூன்றையும் சேர்ப்பதில்லை. வாடிக்கையாளர் விவரத்தை வெளிக் கருவியில் கொட்டக் கூடாது என்பதில் இருவரும் கறாராக இருக்கிறார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது ஒரு காரணம். “நம்பி நம்பர் குடுத்திருக்காங்க” என்பது அக்கா சொன்ன காரணம். பிறகு பெண் அந்தத் தொகுப்பைக் கருவியிடம் கொடுத்து, ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துத் தரச் சொல்கிறார். அதை நொடியில் செய்கிறது. ஆனால் நான் பார்த்த அன்று ‘கல்லு சுத்தல’ என்பதையெல்லாம் மோட்டார் கோளாறில் போட்டுவிட்டது. அக்கா திரையைப் பார்த்துவிட்டு, “இதுல முக்காவாசி தண்ணிப் பிரச்சினை கண்ணு. மோட்டார்னு மேல போச்சுன்னா அசெம்ப்ளில பையனுங்களத்தான் திட்டுவாங்க” என்றார். பெண் ஒவ்வொன்றாக இடம் மாற்றினார்.

ஆடிக்கான வாசகம் பிறந்தது இந்த மேசையில்தான். ஆடியில் தள்ளுபடி வாங்கி வைத்து ஆவணியில் கல்யாணம் வைப்பவர்கள் கொங்கு நாட்டில் நிறைய. சீர் கிரைண்டர் விற்கும் மாதம் அது. பெண் முதலில் தானே ஐந்து வரி எழுத வேண்டும், அதற்குப் பிறகே கருவியைத் திறக்கலாம் என்பது சாரின் இன்னொரு ஏற்பாடு. அவர் எழுதிய ஐந்தில் இரண்டு சுமார், இரண்டு நீளம், ஒன்று நின்றது. அந்த ஒன்றைக் கருவியிடம் கொடுத்து இருபது விதமாக மாற்றச் சொன்னார்கள். இருபதிலும் அழகு கூடி, ஓசூரில் இருக்கும் மகள் காணாமல் போனாள். ஆனால் பதினொன்றாவதில் ‘அவர்கள் ஊரிலேயே’ என்ற சேர்க்கை இருந்தது. அதை மட்டும் எடுத்துப் பேச்சுவழக்குக்கு மாற்றி ஒட்டினார் பெண். முடிவில் நின்றது இது: ‘மகளுக்குச் சீர் கிரைண்டரா? சர்வீஸ் அவங்க ஊர்லயே.’ எக்செல் தாளில் ஒட்டிப் பார்த்தார்கள். இடைவெளி, கேள்விக்குறி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து 48. மீதமிருக்கும் 22இல் தொலைபேசி எண்ணும் போட்டாயிற்று.

வாசகம் முடிந்தது. வேலை முடியவில்லை. சார் கேட்டார்: “அவங்க ஊர்லயேன்னு சொல்லிட்டோம். எந்தெந்த ஊர்ல ஆள் இருக்கு?” அன்று மதியம் முழுக்க அறை தொலைபேசியில் இருந்தது. பட்டியலில் இருந்த சர்வீஸ் ஏஜென்டுகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஒருவர் தொழிலையே விட்டிருந்தார். ஒருவர் வேறு பிராண்டுக்கு மாறியிருந்தார். ஆள் இல்லாத ஊர்களுக்கு இந்தச் செய்தி போகாதபடி வாடிக்கையாளர் பட்டியலை மாவட்டம் மாவட்டமாகப் பிரித்தார் தம்பி. தாய் இருக்கும் ஊர் தெரியும், மகள் இருக்கப்போகும் ஊர் எப்படித் தெரியும் என்று பெண் கேட்டார். நல்ல கேள்வி. அதற்காக நோட்டீசின் பின்பக்கம் முழுக்க ஊர்ப் பட்டியலையே அச்சடிப்பது என்று முடிவானது. எழுதியது ஒரு வரி. அதை மெய்யாக்க நான்கு பேருடைய ஒரு பகல்.

இந்தப் பகலைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்று நினைக்கிறேன். கருவி எழுதும் நேரத்தைக் குறைக்கிறது என்பது சரி. எழுத்துக்கு முந்தைய கேட்டலும், எழுத்துக்குப் பிந்தைய சரிபார்ப்பும் குறையவில்லை. வாசகங்கள் விரைவாகவும் நிறையவும் வருவதால் சரிபார்க்க வேண்டியது கூடியிருக்கிறது. அதே நிறுவனத்தில் போன ஆண்டு கருவி எழுதிய ஒரு நோட்டீசில் மோட்டாருக்கு ஐந்து ஆண்டு வாரண்டி என்று வந்திருந்தது. அவர்கள் தருவது இரண்டு. யாரும் ஐந்து என்று அதற்குச் சொல்லவில்லை. கிரைண்டர் விளம்பரங்களில் அப்படிப் பார்த்துப் பழகியதால் போட்டுவிட்டது. அச்சுக்குப் போகும் முன் சார் கண்ணில் பட்டது. பட்டிராவிட்டால் ஐந்து ஆண்டுக்கு அந்த நோட்டீசை நீட்டிக்கொண்டு சர்வீஸ் மேசைக்கு ஆள் வந்திருப்பார்கள். அக்காதான் அவர்களுக்கு முகம் கொடுக்க வேண்டும்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. கருவிதான் எழுதியது என்ற பதிலுக்கு அதில் இடமே இல்லை. 2022இல் வந்த வழிகாட்டு நெறிகளில், தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விதி உண்டு. எந்த மொழியில் ஒன்றை உறுதி கூறுகிறோமோ, அதற்கான நிபந்தனைக் குறிப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும். பெரிய தமிழில் சலுகையும் பொடி ஆங்கிலத்தில் நிபந்தனையும் போட்ட காலம் அதோடு முடிந்திருக்க வேண்டும். இன்னும் முடியவில்லை என்பதைத் தெருவில் நடந்தாலே பார்க்கலாம். சார் அந்த விதியை மிகவும் மதிக்கிறார். சொல்லும் ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரத்தாளை ஒரு கோப்பில் சேர்க்கிறார். மாவு அளவு, மின்செலவு, வாரண்டி எல்லாவற்றுக்கும் சோதனை அறையின் கையெழுத்து வேண்டும். ஆதாரம் வராத வரி போகாது.

டிசைனரின் பாடு தனி. கருவி தருவது யுனிகோட் தமிழ். அச்சகத்துக்குப் போகும் கோரல்டிரா கோப்புகளில் அவர் பழகியிருப்பது பழைய குறியீட்டு எழுத்துருக்கள். நேரே ஒட்டினால் கொம்பு ஓரிடத்தில், எழுத்து ஓரிடத்தில், நடுவில் புள்ளி வட்டம். மாற்றி மென்பொருளில் போட்டு எடுத்து, பிறகும் ஒருமுறை கண்ணால் படிக்கிறார். 2010 ஜூனில் இதே கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோதுதான் தமிழ்நாடு அரசு யுனிகோடைத் தரமாக அறிவித்து ஆணையிட்டது. அச்சகங்கள் இன்னும் முழுவதுமாக வந்து சேரவில்லை.

முதலாளியிடமும் பேசினேன். ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார். 2023இல் இந்தக் கருவியைப் பார்த்ததும் இனி எழுத ஆள் வேண்டாம் என்று நினைத்ததாகச் சொன்னார். வெளியிலிருந்து துண்டுக்கு இவ்வளவு என்று எழுதித் தந்துகொண்டிருந்த ஓர் அம்மாவுக்கு அத்தோடு வேலை நின்றது. அவரைத் தொலைபேசியில் பிடித்தேன். இப்போதும் அவரைக் கூப்பிடுகிறார்கள், வேறு நிறுவனங்கள். கருவி எழுதியதைக் கொஞ்சம் சரிசெய்து தரச் சொல்கிறார்கள். முன்பு எழுதியதற்குக் கிடைத்ததில் பாதிதான் தருகிறார்கள். “சரிசெய்யறதுக்குப் பதிலா முழுசா எழுதிடறேன், நேரம் கம்மிங்க. ஆனா அதச் சொன்னா பாதிக் காசும் வராது.” இந்த வாக்கியத்தை நான் இந்தக் கட்டுரையில் வைக்காமல் போக முடியாது. இந்தக் குழுவின் நல்ல ஏற்பாடுகளைப் பற்றிச் சொல்லும்போது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முதலாளியின் நினைப்பு பிறகு மாறியது எதனால் என்று கேட்டேன். பக்கத்து நிறுவனத்தின் நோட்டீஸ் தன்னுடையதைப் போலவே இருந்ததைப் பார்த்ததுதான் காரணம் என்றார். சர்வீஸ் மேசை நோட்டிலிருந்து எழுதத் தொடங்கிய பிறகு டீலர்கள் நோட்டீசைக் கூடுதலாகக் கேட்டு வாங்குகிறார்கள் என்றும் சொன்னார். அப்படியென்றால் அக்காவும் மார்க்கெட்டிங் குழுவில்தானே என்றேன். சிறிது யோசித்தார். அவருடைய சம்பளம் சர்வீஸ் கணக்கில் வருகிறது, ஊக்கத்தொகை மாடியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்றார். அதை மாற்ற வேண்டும் என்று நான் அவரிடமே சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன். அந்த நிறுவனத்தின் விளம்பரத்துக்கு மூலப்பொருள் அக்கா காதில் விழுந்து கையெழுத்தில் இறங்குகிறது. அடுத்த மேசையில் மடிக்கணினி இருப்பதாலேயே அவருடைய நோட்டு இலவசமாகிவிடக் கூடாது. இந்தத் தொழிலில் கருவியால் மிச்சமாகும் பணம் எங்காவது போகத்தான் போகிறது. முதலில் போக வேண்டிய இடம் அந்த மேசை.

இளம்பெண்ணைப் பற்றியும் எனக்கு ஒரு கவலை இருந்தது. பழைய எழுத்தாளர்கள் மோசமான முதல் வரைவுகளை எழுதி, திட்டு வாங்கி, கிழித்துப் போட்டுத்தான் கற்றார்கள். முதல் வரைவைக் கருவி எழுதிவிட்டால் அடுத்த தலைமுறை எதில் கற்கும்? சாரிடம் இதைக் கேட்டபோது, அந்த ஐந்து வரி ஏற்பாடே அதற்காகத்தான் என்றார். ஐந்து வரியும் ஒரு நோட்டில், பேனாவால். தேதியோடு. மாதக் கடைசியில் இருவரும் உட்கார்ந்து, எது ஏன் நின்றது, எது ஏன் விழுந்தது என்று பேசுகிறார்கள். கருவி தந்த இருபதையும் அதே போலக் கிழிக்கிறார்கள். “அதையும் திட்டறோம், இந்தப் பொண்ணையும் திட்டறோம். கத்துக்கறது இந்தப் பொண்ணு மட்டுந்தான்” என்றார் சார். பெண் மறுக்கவில்லை. முதலில் கையால் எழுதுவது தண்டனை மாதிரி இருந்ததாகவும், இப்போது கருவி தந்ததைப் பார்த்தவுடன் எங்கே வெறும் சொல் என்று கண்ணில் படுவதாகவும் சொன்னார்.

அடுத்து என்ன எழுத ஆசை என்று அவரிடம் கேட்டேன். ஏதாவது ஒரு பெரிய விளம்பரத்தைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கிரைண்டரோடு பெட்டியில் வரும் கையேட்டைச் சொன்னார். இப்போது இருப்பது ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், படம் மங்கிய நான்கு பக்கம். யாரும் பிரிப்பதுகூட இல்லை. அக்காவின் நோட்டில் வரும் கேள்விகளில் பெரும்பகுதிக்கு அந்தத் தாளில் பதில் இருக்கிறது, படிக்கத்தான் முடியாது. தமிழில் புதிதாக எழுத வேண்டும், பேசுகிற மாதிரி எழுத வேண்டும் என்கிறார். தெலுங்கு, மலையாளம், கன்னடத்துக்குக் கருவியை வைத்து முதல் வரைவு எடுத்துக்கொண்டு அந்தந்த ஊர் சர்வீஸ் ஆட்களிடம் படிக்கக் கொடுக்கப்போகிறார். முதலாளி தீபாவளி வரை நேரம் கொடுத்திருக்கிறார்.

நான் கிளம்பும் சமயத்தில் சர்வீஸ் மேசையில் இருவருக்கும் அதைப் பற்றித்தான் வாக்குவாதம். முதல் பக்கத்தில் புதுக் கல்லைக் கழுவும் முறை வர வேண்டும் என்று பெண் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. “கல்லக் கழுவாட்டி ஒரு நாள் மாவு போகும். தண்ணி விடாட்டி மோட்டாரே போகும் கண்ணு. தண்ணிய மொதல்ல போடு.” பெண் நோட்டைப் புரட்டி, எந்த அழைப்பு அதிகம் என்று எண்ணத் தொடங்கினார். அதற்குள் தொலைபேசி அடித்தது.